மலிவுத் தவளையை அமுக்கிப் பார்த்து வாங்குங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். பாஸ் என்ற நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்க, உள்கூடான உடல் கொண்ட தவளை லூர், அதாவது தவளை வடிவச் செயற்கை இரை, வாங்க வேண்டும். பேர்பெற்ற நிறுவனத்தின் ஒரே ஒரு தவளைக்குக் கொடுக்கும் காசில், பெயர் தெரியாத தவளைகள் ஐந்து ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. மலிவானதை வாங்கினால் மீன் கடிக்குமா, இல்லை பணம் தண்ணீரில் போய்விடுமா?

மீன் கடிக்கும். அதில் சந்தேகம் வேண்டாம். இலைகளின் நிழலில் பதுங்கியிருக்கும் பாஸுக்குத் தலைக்கு மேலே ஏதோ ஓர் உருவம் அசைவது தெரிகிறது. அதன் விலை தெரியாது. கடித்த மீன் கையில் வந்து சேருமா என்று கேளுங்கள், அங்கேதான் மலிவுத் தவளைகள் பெரும்பாலும் கவிழ்கின்றன.

என் பெட்டிக்குள் முதலில் வந்த தவளைகளும் அப்படி மொத்தமாக வந்தவைதான். ஆறு தவளை, ஆறு நிறம், ஒவ்வொன்றுக்கும் மணிமணியாகக் கண். முதல் நாள் காலையில் நான்கு கடி விழுந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வெடித்துச் சிதறும். முள் ஏறட்டும் என்று நான் தூண்டில் கோலை வெடுக்கென்று வெட்டி இழுப்பேன். தவளை மட்டும் பறந்து வந்து என் காலடியில் விழும். ஐந்தாவது மீன் மாட்டியது. பாசியைத் தாண்டிக் கரையை நெருங்கும்போது அதுவும் கழன்றுகொண்டது. தவளையை எடுத்துப் பார்த்தால் இரட்டைத் தூண்டில் முள்ளில் ஒரு முள் ஆணி மாதிரி நிமிர்ந்து நின்றது. அன்று மாலை ஆறையும் மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். ஐந்து தவளைகள் அழிப்பான் ரப்பரைப் போல எதிர்த்து நின்றன. ஒன்றே ஒன்றுதான் விரலுக்கு வழிவிட்டது. அந்த ஒன்று, முள் மாற்றப்பட்டு, நிறமெல்லாம் உதிர்ந்து, இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஏன் அமுக்க வேண்டும் என்பது இந்த லூரின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். மெல்லிய பிளாஸ்டிக் தோல், உள்ளே வெறும் காற்று, அதனால் மிதக்கிறது. வால் பக்கமாக ஓர் இரட்டை முள் வெளியே வந்து வளைந்து, அதன் இரண்டு நுனிகளும் முதுகை ஒட்டி மேல்நோக்கிப் படுத்திருக்கும். நுனி உடலோடு ஒட்டிக் கிடப்பதால் அல்லி இலை, பாசிப் படலம், விழுந்து கிடக்கும் மரக்கிளை என்று எதன்மேல் இழுத்தாலும் அநேகமாகச் சிக்குவதில்லை. பாஸ் வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சும். வாய் மூடும்போது தாடைகளுக்கு நடுவே தவளையின் உடல் சப்பையாகிறது. அதுவரை ஒளிந்திருந்த முள் நுனிகள் அப்போது வெளிப்பட்டு, நாம் வெட்டும் வேகத்தில் மேல்தாடையில் ஏறுகின்றன. இது புதிய யோசனையும் அல்ல. 1957-இல் தொடங்கிய ஸ்னாக் புரூஃப் என்ற அமெரிக்க நிறுவனம் பேர் வாங்கியதே இந்தத் தத்துவத்தில் செய்த தவளைகளால்தான். இன்று விற்கும் ஆயிரம் வகைத் தவளைகளும் அடிப்படையில் அதே பொறிதான். உடல் அமுங்கவில்லை என்றால் பொறி திறக்காது.

இப்போது யோசித்துப் பாருங்கள். முள் மட்டமாக இருந்தால் வேறு முள் போடலாம். எடை போதவில்லை என்றால் சேர்க்கலாம். கால் நீளமாக இருந்தால் கத்தரிக்கலாம். தண்ணீர் புகுந்தால் பசை வைக்கலாம். நிறம் பிடிக்கவில்லை என்றால் மார்க்கர் பேனாவே போதும். உடல் தோலின் தடிப்பையும் இறுக்கத்தையும் மட்டும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வெந்நீரில் போட்டால் கொஞ்ச நேரம் இளகும், ஆறியதும் பழையபடி ஆகிவிடும். ஆகவே கையில் இருக்கும் காசு குறைவு என்றால் அதை உடலுக்குக் கொடுங்கள். மற்றவற்றை வீட்டில் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம்.

கடையில் நின்று பார்க்கிறீர்கள் என்றால் பெட்டியின் மேலுறையோடு சேர்த்தே அமுக்கலாம். கட்டைவிரலைத் தவளையின் முதுகிலும் ஆள்காட்டி விரலை வயிற்றிலும் வைத்து, ஒரு பழுத்த தக்காளியைச் சோதிக்கும் அளவுக்குத்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். அந்த அழுத்தத்துக்கே முதுகு உள்ளே போய், முள்ளின் இரண்டு நுனிகளும் தோலைவிட்டு உயர்ந்து தெரிய வேண்டும். நடுவில் மட்டும் அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். முள் நுனி இருக்கும் பின்பாதியை அமுக்குங்கள். பல மலிவுத் தவளைகளில் நடுவயிறு மெத்தென்றும் பின்பக்கம் கெட்டியாகவும் இருக்கும், ஏனென்றால் எடையையும் முள்ளையும் தாங்க அங்கே பிளாஸ்டிக்கைத் தடிப்பாக வார்த்திருப்பார்கள். விரலை எடுத்ததும் உடல் சட்டென்று பழைய வடிவத்துக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். குழிந்தபடியே நிற்பது நல்ல அறிகுறி அல்ல. அந்தக் குழிவில் முள் நுனி துருத்திக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு இலையிலும் மாட்டும்.

இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால் அமுக்க வழியில்லை. அப்போது படத்தில் பார்க்க வேண்டியது முள்ளின் நுனி எங்கே முடிகிறது என்பதை. நுனி முதுகின் வளைவுக்குள் அமர்ந்து, பக்கவாட்டில் உடலின் அகலத்தைவிட ஒரு நூலிழை உள்ளேயே இருந்தால் சரி. மேலேயிருந்து எடுத்த படத்தில் முள் இரண்டும் உடலுக்கு வெளியே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது பாசியை வாரும். படத்தில் முள்ளையே காட்டாமல் கண்ணையும் நிறத்தையும் மட்டும் காட்டும் விற்பனையாளரை நான் நம்புவதில்லை.

அடுத்து முள். தவளை மீன்பிடிப்பில் மீனை நிதானமாக விளையாட விட முடியாது. அடர்ந்த பாசிக்குள்ளிருந்து அதைத் தூக்கி வெளியே இழுத்தாக வேண்டும். அதற்காக 50 முதல் 65 பவுண்டு வரை தாங்கும் பின்னல் நூலைப் போடுகிறோம். நைலான் நூல் நீண்டு கொடுக்கும், இது கொடுக்காது. இழுக்கும் பலம் முழுவதும் நேராக முள்ளுக்குப் போகிறது. கம்பி மெலிதாக இருந்தால் என் ஐந்தாவது மீனுக்கு நடந்ததுதான் நடக்கும். நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் பற்றி நின்றால் கூர்மை போதும், வழுக்கிப் போனால் தீட்ட வேண்டும். குறடால் ஒரு முள்ளை வெளிப்புறமாக மெல்ல வளைத்துப் பாருங்கள். சிரமமே இல்லாமல் வளைந்து, வளைந்த இடத்திலேயே நின்றால் அது மெலிந்த கம்பி, மாற்ற வேண்டியது.

பலரும் பார்க்காமல் விடுவது மூக்கில் இருக்கும் வளையத்தை. நூல் கட்டும் அந்த வளையம், உடலுக்குள் ஓடும் முள் தண்டின் முன்முனையில் கம்பியை வளைத்துச் செய்தது. நல்ல முள்ளில் கம்பியின் முனை முழுதாக ஒட்டி மூடியிருக்கும். மலிவான முள்ளில் ஒரு மயிரிழை இடைவெளி தெரியும், அதன் விளிம்பு கூராகவும் இருக்கும். பின்னல் நூல் மெல்லியது. அந்த இடைவெளிக்குள் நழுவும், இல்லாவிட்டால் விளிம்பில் தேய்ந்து அறுந்துபோகும். மீன் பெரிதாக இருந்ததால்தான் நூல் அறுந்தது என்று நாமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்போம். வளையத்தை விளக்கில் பிடித்துப் பாருங்கள். இடைவெளி இருந்தால் குறடால் அழுத்தி மூடி, விளிம்பை மணல்தாளால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

வாங்கி வந்த பின் ஒரு வாளித் தண்ணீர் போதும், மீதிச் சோதனை எல்லாம் முடிந்துவிடும். தவளையை மிதக்க விடுங்கள். மூக்கு சற்று உயர்ந்து, பின்பக்கம் கொஞ்சம் அமிழ்ந்து இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முள் தாழ்ந்து மீனின் வாய்க்கு எளிதாகப் போகும். தலைகீழாகப் புரட்டி விடுங்கள். தானாகத் திரும்பிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். வீசும்போது பத்தில் ஒன்பது முறை வயிறு கீழே இருக்கும்படி விழாத தவளை எரிச்சலைத்தான் தரும். கடைசியாக அதைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்து அமுக்குங்கள். குமிழி எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் நாளைக்குத் தண்ணீர் புகும். மூக்கு வளையத்தைச் சுற்றியும், வாலில் முள் வெளியேறும் இடத்திலும், கால்கள் நுழையும் துளைகளிலும் குமிழி வருவது வழக்கம்.

விலை உயர்ந்த தவளையிலும் தண்ணீர் புகும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமுங்க வேண்டிய உடலில் எங்காவது காற்று வெளியேற வழி இருந்தே ஆக வேண்டும். நான்கைந்து வீச்சுக்கு ஒருமுறை தவளையைப் பிழிந்து தண்ணீரை வெளியேற்றுவது இந்த மீன்பிடிப்பின் பழக்கமே. இரண்டு வீச்சுக்குள் மூழ்குகிறது என்றால்தான் குறை. அதற்கு மூக்கு வளையத்தைச் சுற்றி ஒரு துளி உடனடிப் பசை வைத்தால் போதும். வாலில் பசையை அள்ளிப் பூசாதீர்கள். காய்ந்த பசை கண்ணாடி மாதிரி இறுகும். எந்தப் பின்பாதி அமுங்க வேண்டும் என்று தேடித் தேடி வாங்கினோமோ அதையே நாம் கெட்டியாக்கிவிடுவோம்.

வடிவத்துக்கு வருகிறேன். கூர்மூக்குத் தவளை, குழிமுகத் தவளை என்று இரண்டு வகைதான் முக்கியம். கூர்மூக்கு அடர்ந்த பாசிப் படலத்தின்மேல் படகு மாதிரி ஏறிப் போகும். இலைகளுக்கு நடுவே உள்ள திறந்த தண்ணீரில் கோலின் நுனியைச் சுண்டிச் சுண்டி விட்டால் இடமும் வலமுமாகத் தலையை ஆட்டி நடக்கும். குழிமுகம் ஒவ்வொரு சுண்டலுக்கும் தண்ணீரைக் குபுக்கென்று துப்பும். பாசி விளிம்பு, மரநிழல், இலைகள் விலகிய இடம் இவற்றில் மீனை அழைக்க நல்லது. ஆனால் அடர்ந்த பாசியில் அந்தக் குழிவுக்குள் பாசியை வாரிக்கொண்டு வரும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கூர்மூக்கு வாங்குங்கள். அது இரண்டு இடத்திலும் பிழைத்துக்கொள்ளும். வாலில் சுழலும் தகடு வைத்தது, கால் உதைப்பது, துடுப்பு வைத்தது என்று வேடிக்கைகள் நிறைய உண்டு. முதல் வருடம் அவை வேண்டாம்.

அளவும் எடையும்: உடல் ஏறத்தாழ 2½ அங்குலம், எடை 14 கிராம் அல்லது அரை அவுன்ஸ். இதுதான் எல்லா இடத்துக்கும் பொருந்தும் நடுவழி. 7 கிராம் தவளைகள் சின்னக் குளத்துக்கும், மீன் கூச்சப்படும் நாளுக்கும் உதவும். ஆனால் தடித்த கோலில் அவற்றைத் தூரமாக வீச முடியாது. பாசி மெத்தை மாதிரி தடித்துக் கிடக்கும் இடத்தில் 18 கிராம் அளவுக்குக் கனமானது வேண்டும். பாசி கீழே அழுந்தி மேலே ஏதோ நகர்கிறது என்று மீனுக்குத் தெரிய வேண்டுமே.

பெயர் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். பலரும் அளவுகோலாக வைத்துப் பேசுவது ஸ்ப்ரோ நிறுவனத்தின் பிரான்ஸ்ஐ 65. போட்டி மீனவர் டீன் ரோஹாஸ் வடிவமைத்தது. கமகாட்சு நிறுவனத்தின் இரட்டை முள்ளோடு வருகிறது. மெத்தென்ற உடல், நன்றாக நடக்கும். அதன் விலை உங்கள் கணக்குக்கு மேல் என்றால் பூயா நிறுவனத்தின் பேட் கிராஷரைப் பாருங்கள். 2½ அங்குலம், அரை அவுன்ஸ். கணிசமாக விலை குறைவு. ‘மலிவான தவளை எது’ என்ற கேள்விக்கு அனுபவசாலிகள் பலரும் முதலில் சொல்லும் பெயரும் அதுதான். அதன் சின்ன வடிவம் 2 அங்குலம், கால் அவுன்ஸ். இன்னும் இறங்கினால் ஸ்கம் ஃபிராக் என்ற பழைய பெயர் உண்டு. மிக மென்மையான உடல், லேசான எடை, பார்க்க எளிமையாக இருக்கும். அந்த எளிமையைப் பார்த்து அதைக் குறைத்து மதிப்பிட்டு ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். அமுக்கிப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. பெயரே தெரியாத பெட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே பெட்டியில் ஒன்று நன்றாகவும் அடுத்தது கல்லாகவும் இருக்கும். அதனால்தான் பெயரைவிட விரலை நம்பச் சொல்கிறேன்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஆழத்தில் ஓடும் லூர்களைப் பாறைக்கும் மரக்கட்டைக்கும் அடிக்கடி பலிகொடுக்கிறோம். அவற்றை மலிவாக, நிறைய வாங்குவதில் நியாயம் உண்டு. தவளை அப்படி இல்லை. மேலே மிதக்கிறது, முள் ஒளிந்திருக்கிறது, நூலும் தடித்தது. மரக்கிளையில் சுற்றிக்கொண்டால் ஒழிய அது திரும்பி வந்துவிடும். ஒரே தவளையை ஒரு பருவம் முழுவதும் ஓட்டுபவர்கள் உண்டு. ஆகவே ஐந்து கல் தவளைகளுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு மென்தவளைகள் வாங்குவதுதான் உண்மையில் சிக்கனம். இதற்கு விதிவிலக்கு உண்டு. பைக் போன்ற கூர்ப்பல் மீன்கள் பாஸோடு சேர்ந்து வாழும் நீர்நிலையில் நல்ல தவளையும் ஒரே கடியில் கிழியும். பாஸின் பல் மணல்தாள் மாதிரிதான், தவளையை அதிகம் சேதப்படுத்தாது. பைக்கின் பல்லும் விராலின் பல்லும் அப்படியல்ல. அங்கே மலிவானதைப் போட்டுக் கிழியவிடலாம். குழந்தைகளுக்கு வீசக் கற்றுக்கொடுக்கும்போதும் அப்படித்தான். முதல் நாளில் பாதித் தவளை மரத்தில்தான் காய்க்கும்.

மலிவுத் தவளையைத் திருத்தும் வேலை எனக்குப் பிடித்த வேலை, அதனால் சற்று நீட்டிச் சொல்கிறேன். உடல் மென்மை, முள் மட்டம் என்ற ஜோடி கிடைத்தால் விடாமல் வாங்குங்கள். பழைய முள்ளைக் கழற்ற, மூக்குத் துளையிலும் வால் துளையிலும் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, வளையத்தை மூக்குக்குள் தள்ளி, வால் வழியாக இழுங்கள். உடலை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் இன்னும் சுலபம். கழற்றிய முள்ளை அளவாக வைத்து, அதே நீளத் தண்டும் அதே அகலமும் உள்ள தடித்த இரட்டை முள்ளாகப் பார்த்து வாங்குங்கள். புதியதை மாட்டும்போது மெல்லிய கம்பி ஒன்றை மடித்து மூக்கு வழியாக விட்டு வால் பக்கம் வெளியே எடுத்து, முள்ளின் வளையத்தில் கோத்து முன்னே இழுத்தால் வந்து அமர்ந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு துளையைத் தேடிக் குத்தினால் தோல்தான் கிழியும். சில தவளைகளில் எடை முள் தண்டிலேயே வார்க்கப்பட்டிருக்கும். முள்ளோடு எடையும் போய்விடும் என்பதால், அதற்கு ஈடாக உடலுக்குள் சின்ன குண்டுகளைப் போட வேண்டும். ஈயத்துக்குத் தடை உள்ள நீர்நிலைகள் இருக்கின்றன. அங்கே எஃகுக் குண்டோ டங்ஸ்டனோ போடுங்கள். எஃகுக் குண்டு உள்ளே உருண்டு கிலுகிலுக்கும், அதுவும் பாசிக்குக் கீழே உள்ள மீனுக்கு ஒரு சைகைதான். ஒவ்வொரு குண்டு போட்டதும் வாளியில் மிதக்கவிட்டுப் பாருங்கள். வால் முழுதாக மூழ்கித் தவளை செங்குத்தாக நிற்கத் தொடங்கினால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

முள் நன்றாக இருந்தும் மீன் அடிக்கடி தவறினால், குறடால் இரண்டு நுனிகளையும் மிகக் கொஞ்சமாக, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், மேலும் வெளியுமாகத் திருப்புங்கள். அதற்கு மேல் திருப்பினால் பாசி மாட்டும்.

கால்களும் அப்படித்தான். ரப்பர் இழைக் கால்கள் பெட்டியிலிருந்து வரும்போது மிக நீளமாக இருக்கும். நீளக் கால் நடையைத் தடுக்கும், மீன் காலை மட்டும் கவ்விவிட்டுப் போகவும் இடம் கொடுக்கும். ஒரு சென்டிமீட்டர் வெட்டி, வீசி நடத்திப் பாருங்கள்; போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். ஒரே வெட்டில் குட்டையாக்கிவிட்டு வருந்தாதீர்கள். இழைகளை இழுத்துப் பிடித்து வெட்டினால் விட்டதும் சுருங்கி, நினைத்ததைவிடக் குட்டையாகிவிடும், தொங்கவிட்டபடியே வெட்டுங்கள்.

நிறத்துக்கு இவ்வளவு எழுத வேண்டியதில்லை. மீன் கீழிருந்து பார்க்கிறது, ஆகவே வயிற்று நிறம்தான் மீனுக்கு. முதுகில் உள்ள புள்ளியும் வரியும் வாங்குபவருக்கு. ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை வயிறு போதும். மங்கிய வெளிச்சத்திலும் தடித்த பாசியிலும் கறுப்பு. வெளிச்சமான நேரத்திலும் சிறு மீன் கூட்டம் மேலே திரியும் இடத்திலும் வெள்ளை. கறுப்புத் தவளை தூரத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நெற்றியில் மஞ்சளாக ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தவளை நன்றாக இருந்தும் கோல் மோசமாக இருந்தால் பழி தவளைமேல் விழும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 7 அடி அல்லது சற்றுக் கூடுதல் நீளம், கனத்த வகை, நுனி மட்டும் வளைந்துகொடுக்கும் கோல் வேண்டும். பின்னல் நூலை இடையில் வேறு நூல் எதுவும் சேர்க்காமல் நேராகத் தவளையில் கட்டுங்கள். பாலோமர் முடிச்சு எளிது, வலுவும் உண்டு. காசு குறைவாக இருக்கும்போது புதிய தவளைக்கு முன்னால் நல்ல நூலுக்குச் செலவழிப்பேன். மெல்லிய நைலான் நூலில் எந்தத் தவளையைப் போட்டாலும் பாசிக்குள் போன மீன் பாசிக்குள்தான் இருக்கும்.

இன்னொன்று, மலிவுத் தவளையின் குறை என்று பலர் சொல்வதில் பாதி கையின் அவசரம். தண்ணீர் வெடிப்பதைக் கண்டதும் கோலை வெட்டினால் மீன் வாயை மூடுவதற்குள் தவளையைப் பிடுங்கிவிடுகிறோம். வெடித்த இடத்தில் தவளை காணாமல் போயிற்றா என்று பாருங்கள். கோலைத் தாழ்த்தி, தொய்வை ரீலில் சுற்றுங்கள். நூலின் மறுமுனையில் கனம் தெரிந்ததும் முழு பலத்தோடு மேல்நோக்கி வெட்டுங்கள். ஒரு விநாடி, சிலசமயம் அதற்கும் சற்று மேல். சொல்ல எளிது, இத்தனை வருடங்களுக்குப் பிறகும் காலையின் முதல் கடிக்கு என் கை முந்திக்கொள்கிறது. மீன் அடித்துவிட்டுத் தவறினால் தவளையை உடனே சுற்றி எடுக்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள்; பல நேரம் அதே மீன் திரும்பவும் வரும். தண்ணீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருக்கும் காலத்தில் மீன் மேலே வராவிட்டாலும் தவளையைக் குறை சொல்லாதீர்கள்.

வைத்திருக்கும் முறையில் கவனம் தேவை. மென்மையான உடலுக்கு வெயிலும் நெருக்கடியும் ஆகாது. மற்ற மென்பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே அறையில் போட்டால் ஒன்றோடொன்று வினைபுரிந்து இளகி ஒட்டிக்கொள்ளும். என் வெள்ளைத் தவளை ஒன்று ஒரு ஊதாப் புழுவோடு அப்படிக் கலந்துபோனது. பிழிந்து, துடைத்து, உலரவிட்டு, தனித்தனி அறையில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளிருக்கும் முள் தண்டு துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. நசுங்கி வடிவம் கெட்டதை வெந்நீரில் போட்டு எடுத்துக் கையால் சரிசெய்து, குளிர்ந்த தண்ணீரில் விட்டால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

நீங்கள் கேட்ட ஐந்து தவளைப் பெட்டியை ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் திருப்பி அனுப்ப வேண்டாம். ஐந்தையும் அமுக்கிப் பார்த்து, அதிகம் வழிவிடும் ஒன்றையோ இரண்டையோ தனியே எடுங்கள். அவற்றுக்கு நல்ல முள் வாங்கிப் போடுங்கள், மூக்கில் ஒரு துளிப் பசை வையுங்கள், காலைக் கத்தரியுங்கள். மீதியின் முள்ளைக் கழற்றிவிட்டு, வீட்டு வாசலில் ஒரு தட்டை வைத்து அதற்குள் விழும்படி வீசிப் பழகுங்கள். அந்தக் கல் தவளைகள் அதற்கு நன்றாகவே உழைக்கும்.